மேலே வைத்த விரிப்பு

மழை வந்து மலையின் கரியைக் கழுவிவிட்டுப் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் காட்டுத்தீயின் புகை இந்த வீட்டை விட்டு இன்னும் முழுவதுமாக வெளியேறவில்லை. அது மாமியாரின் மார்புக்குள் குடியிருக்கிறது. வாடகையும் தருவதில்லை, காலி செய்வதாகவும் இல்லை.

சென்ற வாரம் நாம் இவர்களை விட்டுப் பிரிந்தபோது, அந்தத் தீ கம்பெனியின் கம்பியிலிருந்துதான் பற்றியது என்று மின்சாரக் கம்பெனியின் மீது சலவைக்கூடத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளில் மாமியாரின் வழக்கே முதலாவதாக விசாரிக்கப்படும் என்று செய்தி வந்திருந்தது. அவர் வழக்கு நின்றால், அவருக்குப் பின்னால் வரிசையில் காத்திருக்கும் மற்றப் பெண்களின் சிகிச்சைக்கும் வழி பிறக்கும். அது விழுந்தால், அத்தனை பேருக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படும்.

மகன் வேலை பார்ப்பதும் அதே மின்சாரக் கம்பெனியில்தான். லைன்மேன். செய்தி வந்த நாளிலிருந்து சாப்பிடும்போது தட்டைத் தவிர வேறெதையும் அவன் பார்ப்பதில்லை.

இன்று, தீர்ப்பாயம் நியமித்த நுரையீரல் மருத்துவர் முன்னால் மாமியார், மூச்சை அளக்கும் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும்.

மாமியார், பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். அங்கே அவருக்குக் கஞ்சியம்மா என்று பெயர். விரிப்புக்குக் கஞ்சி போடுவதில் அவருக்கு நிகரில்லை என்பது வெளியே சொல்லப்படும் காரணம். அவரே கஞ்சி போட்டுக் காயவைத்த விரிப்புபோல் விறைப்பாக இருப்பார் என்பது, அவர் காதில் விழாமல் சொல்லப்படும் காரணம்.

ஆய்வுக்கு ஆட்கள் வரும் நாளில் அவர் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளுத்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கியபின், எல்லாவற்றுக்கும் மேலே, இழையும் நிறமும் குறையாத புது விரிப்பு ஒன்றை வைப்பார். வருபவர்கள் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள், தலையசைத்துவிட்டுப் போவார்கள். அடியில் இருப்பவையும் சுத்தமானவைதான். ஆனால் கிழிசலும் தையலும் வருகிறவர் பார்வைக்கு உரியவை அல்ல. இது ஏமாற்று இல்லை, மரியாதை என்பது அவர் கட்சி.

வீட்டிலும் அப்படித்தான். இருமல் வந்தால் குளியலறைக்குப் போவார், குழாயைத் திறந்துவிடுவார், தண்ணீர்ச் சத்தத்துக்குள் இருமி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். தண்ணீர்த் தொட்டி ஏன் இத்தனை சீக்கிரம் காலியாகிறது என்று மகனுக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின.

முந்தைய நாள் மாலையில் மருமகள், சோதனை நடக்கவிருந்த மருத்துவமனை அனுப்பியிருந்த குறிப்புகளை உரக்கப் படித்துக் காட்டினாள்.

"ராத்திரியிலேருந்து இன்ஹேலர் அடிக்கக் கூடாதாம், அத்தை. மூச்சு உண்மையில எப்படி இருக்குன்னு பார்க்கணுமாம்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. பஸ்ல கத்தற மாதிரி கத்தாதே."

மருமகள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் குரல், கடைசி இருக்கையில் தூங்குகிறவரையும் எழுப்பி இறக்கிவிடும் தரத்தது.

காலையில் மகன் சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். நல்லா ஊதும்மா என்று சொன்னால் வழக்குப் போய்விடும். மோசமா ஊதும்மா என்று எந்த மகன் சொல்வான்?

"பத்திரமா போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னான்.

"நீங்களும் லீவு போட்டுட்டு வரலாம்ல?" என்றாள் மருமகள்.

"நான் அங்க வந்து எந்தப் பக்கம் உக்காரறது?"

மாமியார் அவன் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"போ. உன் வேலையை நீ ஒழுங்கா பாரு. என் வேலையை நான் ஒழுங்கா பார்த்துட்டு வரேன். இதுவரைக்கும் நான் எதையும் அரைகுறையா செஞ்சதில்ல."

அந்தப் பேச்சு மருமகளுக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. கீழ் வீட்டுப் பெண்மணியிடம் குழந்தையை விட்டுவிட்டு வரும் அவசரத்தில் இருந்தாள்.

மருத்துவமனையின் படிகளை மாமியார் எங்கும் நிற்காமல் ஏறினார். வழக்கமாக எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் இரண்டு வளைவுகளில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிப்பதுபோல் மூச்சு வாங்குவார். இன்று அறிவிப்புகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியின் ஓசையை வைத்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடும் மருமகளின் காதுக்கு, அந்த மூச்சு புதிதாக எண்ணெய் விட்ட எந்திரம்போல் கேட்டது. இந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது போலும் என்று மகிழ்ந்தாள். அந்த மகிழ்ச்சியோடேயே, இரவு முதல் மருந்து எதுவும் எடுக்கப்படவில்லை என்று வரவேற்பு மேசையில் தன் பெயரால் உறுதி கூறிவிட்டாள்.

சோதனை அறையில் அவர்கள் பக்கத்து வக்கீலம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கத்து நாற்காலியில் கம்பெனி வக்கீல். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். மாமியார் நுழைந்ததும் எழுந்து நின்றார். மாமியாருக்கு அது பிடித்திருந்தது.

ஊதும் கருவியை இயக்கிய பெண் மிகச் சின்ன உருவம். பேசும்போது குரலே எழும்பவில்லை. ஆனால் மாமியார் குழாயை வாயில் வைத்த அடுத்த நொடியில், அந்தப் பெண்ணிடமிருந்து எங்கிருந்தோ ஒரு கர்ஜனை கிளம்பியது.

"ஊதுங்க! ஊதுங்க! இன்னும்! இன்னும்! விடாதீங்க, விடாதீங்க! இன்னும் இருக்கு!"

மருமகள் வியந்துபோனாள். இவளுக்குப் பேருந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தால் ஹாரனே வேண்டியிருக்காது.

மூன்று முறையும் மாமியார் அசையாமல் உட்கார்ந்து ஊதினார். மருத்துவர் திரையில் எழுந்த கோட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரொம்ப நல்லா ஊதியிருக்கீங்கம்மா. உங்க வயசுக்கு இது கிட்டத்தட்ட சரியான அளவு."

"நன்றி, டாக்டர்" என்றார் மாமியார்.

வக்கீலம்மாவின் முகம், துவைத்துப் பிழிந்த துணிபோல் ஆயிற்று. கம்பெனி வக்கீல் ஏதோ எழுதிக்கொண்டு, பேனாவை ஓசைப்படாமல் மூடினார்.

மருமகள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். தாடை நிமிர்ந்திருந்தது, கண்கள் நேராக இருந்தன, உதட்டோரத்தில் ஒரு சின்னத் திருப்தி. இந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். மணமான புதிதில் ஒருநாள் சலவைக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, ஆய்வாளர்கள் தலையசைத்துவிட்டுப் போன பிறகு, தள்ளுவண்டியின் பக்கத்தில் இதே முகத்தோடு மாமியார் நின்றிருந்தார்.

மருமகள் மாமியாரின் கையைப் பற்றித் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்தாள்.

"அத்தை, வண்டிக்கு மேல என்ன விரிச்சீங்க?"

மாமியார் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க, அத்தை."

"காலைல ரெண்டு தடவை அடிச்சேன்."

"இன்ஹேலரா?"

"பின்னே, தலைக்கு எண்ணெயா?"

வக்கீலம்மா பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். "ஐயோ, அம்மா! அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்களே!"

"சொன்னாங்க. கேட்டேன். எழுந்ததும் பாதி மூச்சுதான் வந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு, முன்னே பின்னே தெரியாத மனுஷங்க எதிர்ல, புஸ்ஸு புஸ்ஸுன்னு உக்காரச் சொல்றீங்களா? ஆய்வுக்கு வர்றவங்களுக்கு அழுக்கு மூட்டையைப் பிரிச்சுக் காட்டி எனக்குப் பழக்கமில்ல."

"அத்தை, அவங்க பார்க்க வந்ததே அந்த மூட்டையைத்தான்!" மருமகளின் குரல் உயர்ந்தது. தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாழ்த்திக்கொண்டாள். "நீங்க மருந்து எடுக்கலைன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

அந்த வார்த்தைதான் மாமியாரைத் தொட்டது. வக்கீலம்மா பதறியபோது அசையாதவர், மருமகளின் வாக்கு பொய்யாகிவிட்டது என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்றது?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டார்.

"நாமளே உள்ள போய்ச் சொல்லணும். இப்பவே. பின்னாடி அவங்களா கண்டுபிடிச்சா, இந்தக் குடும்பம் சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. உங்களுக்குப் பின்னாடி இருக்கிற பொண்ணுங்களையும் நம்ப மாட்டாங்க."

"நான் சொல்றேன்" என்றாள் மருமகள்.

"நீ எதுக்கு? அடிச்சது நான்."

மாமியார் உடையின் மடிப்புகளைச் சரிசெய்துகொண்டு அறைக்குள் நுழைந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"டாக்டர், காலைல மருந்து அடிச்சிட்டுத்தான் வந்தேன். என் மருமகளுக்குத் தெரியாது. அவ சொன்னது அவளுக்குத் தெரிஞ்ச உண்மை. என் மூச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்தேன். அது தப்பு."

மருத்துவர் சிரிக்கக் கூடாது என்று முயன்று தோற்றார்.

"இந்த மாதிரி கேஸ்ல ஜனங்க இல்லாத நோயைக் காட்டுவாங்கம்மா. இருக்கிற நோயை ஒளிச்சவங்களை இப்பதான் பார்க்கறேன்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "மன்னிக்கணும். மறுபடி ஊதச் சொன்னா, இந்தத் தடவை வேணும்னே குறைச்சு ஊதலாம் இல்லையா?"

"முடியாது. முழு மூச்சையும் போட்டாங்களா, பாதியில நிறுத்தினாங்களான்னு கோட்டைப் பார்த்தா தெரிஞ்சிடும். மூணு தடவையும் ஒரே மாதிரி ஏமாத்தறது நடக்காது." மருத்துவர் மாமியாரிடம் திரும்பினார். "மருந்தோட வேகம் இறங்கட்டும். சாயங்காலம் ஊதிப் பார்த்துடுவோம். அதுவரைக்கும் இன்ஹேலரைத் தொடக் கூடாது. ஆனா ரொம்ப முடியலைன்னா உடனே அடிச்சிடணும். சோதனையை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். மூச்சை இன்னொரு நாள் வெச்சுக்க முடியாது. நர்ஸ் வந்து பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

மாமியார் கைப்பையைத் திறந்தார். இன்ஹேலரை எடுத்து மருமகளிடம் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்கோ. என்கிட்ட இருந்தா நான் ஒழுங்குபடுத்திடுவேன்."

மருத்துவமனையின் பின்முற்றத்தில் ஒரு நீண்ட இருக்கை கிடைத்தது. பக்கத்தில், துணிகள் வந்து இறங்கும் கதவு. நண்பகல் வரையில் மாமியார் நன்றாகவே இருந்தார். மருமகள் வாங்கிவந்த ரொட்டியைச் சாப்பிட்டார். ரொட்டியில் உப்புக் குறைவு என்றார். எதிரே நடந்துபோன பணியாளரின் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அப்போது தள்ளுவண்டி ஒன்று வெளுத்த விரிப்புகளோடு வந்து நின்றது. தள்ளிவந்தவர் கதவைத் திறக்கப் போனார். மாமியார் எழுந்து போய், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேல் விரிப்பை இரண்டு விரல்களால் தூக்கினார். பால்போல் வெள்ளை. அதற்கு அடியில் இருந்ததில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தையல்.

"இங்கயும் அப்படித்தான்!" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

மருமகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அதைப் பார்த்து மாமியாரும் சிரித்தார். அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சிரிப்பு ஏறியது, ஏறிய இடத்தில் எதிலோ தட்டி இருமலாக உடைந்தது. இங்கே ஓடி ஒளியக் குளியலறை இல்லை, திறந்துவிடக் குழாயும் இல்லை. மருமகள் அவரைத் தாங்கி இருக்கையில் உட்காரவைத்தாள்.

அதன்பின் மருந்தின் வேகம் படிப்படியாக இறங்கியது. தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்கத் தொடங்கின. பாரம் ஏற்றிய வண்டி, ஏற்றத்தில் இரண்டாம் கியரில் திணறும் ஓசையை மருமகள் கேட்டாள். ஓராண்டாகக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது இதுதான் என்பதை இன்றுதான் கண்ணால் கண்டாள்.

"பேசாதீங்க, அத்தை. நான் பேசறேன்."

"நீ... எப்பவும்... அதைத்தானே பண்றே."

மருமகள் முற்றத்தின் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தீ எரிஞ்ச அந்த மூணு வாரமும் இவர் மலை மேல லைன் சரி பண்ணப் போயிட்டாரு. நான் கைக்குழந்தையோட உள் ரூம்ல. நீங்க பகலெல்லாம் சலவைக்கூடத்துல. பாய்லர் சூட்டுல கதவைச் சாத்த முடியாது. ஆஸ்பத்திரி நிறைய ஆளு, வேலையை நிறுத்தவும் முடியாது. புகையிலேயே நின்னுட்டு வந்து, வீட்டுக்கு வந்ததும் கிழிஞ்ச விரிப்பையெல்லாம் நனைச்சு, என் ரூம் ஜன்னல்லயும் கதவுலயும் தொங்க விடுவீங்க. காய்ஞ்சா மறுபடி நனைப்பீங்க. பிழிஞ்சா தண்ணி காப்பி மாதிரி வரும். உங்களுக்குக் குடுத்த ஒரே மாஸ்க்கையும் என் மூஞ்சில கட்டிட்டீங்க. நீங்க வெளிக் கூடத்துல படுத்துக்கிட்டீங்க. என் குழந்தை இன்னிக்கு ஓடறா, விளையாடறா. ஒரு தும்மல் கிடையாது. நான் உங்ககிட்ட ஒரு நன்றிகூடச் சொன்னதில்ல."

"வீட்டுக்குள்ள... அதெல்லாம்... சொல்லிக்கறதில்ல."

"நான் சொல்றேன். இது வீடு இல்லல்ல, முற்றம்தானே? நன்றி, அத்தை."

மாமியார் பதிலுக்கு அவள் முழங்கையைத் தட்டினார். தட்டிய கை அங்கேயே தங்கிவிட்டது.

மகன் வந்தது அந்த நேரத்தில்தான். வேலை முடிந்த சீருடையோடு, காலணியில் மண்ணோடு, முற்றத்தின் குறுக்கே ஓட்டமும் நடையுமாக வந்தான். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"என்ன இது? இன்ஹேலர் எங்க?"

மருமகள் கையை மூடிக்கொண்டாள். "டாக்டர் சாயங்காலம்வரைக்கும் வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"டாக்டர் சொல்வாரு. அவர் அம்மாவா இது? குடு அதை."

"கொஞ்ச நேரம்தாங்க."

"கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். குடுன்னு சொல்றேன்ல!"

இன்ஹேலரின் விளிம்பு மருமகளின் உள்ளங்கையில் அழுந்தியது. கொடுத்துவிட்டால் அடுத்த நொடியே அத்தைக்கு மூச்சு சீராகிவிடும். கொடுத்துவிட்டால் இன்றைய நாள் முழுவதும் அவர் பட்ட பாடு வீணாகும். தான் செய்வது பாசமா, கொடுமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அத்தை, நீங்க சொல்லுங்க. வேணுமா? வேணும்னா இப்பவே தரேன். யாரு என்ன சொன்னாலும் தரேன்."

மாமியார் தலையை ஆட்டினார். வேண்டாம்.

செவிலியர் வந்து மாமியாரின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். "கஷ்டமா இருக்கும். ஆபத்து இல்ல. டாக்டர் வரச் சொன்னாரு. எழுந்திருக்க முடியுமா, சக்கர நாற்காலி கொண்டு வரட்டுமா?"

காலையில் படிகளை நிற்காமல் ஏறிய கஞ்சியம்மா, மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"கொண்டு வாங்க" என்றார்.

மகன்தான் தள்ளிக்கொண்டு போனான். அறைவாசலில் கம்பெனி வக்கீல் அவனுடைய சீருடையைப் பார்த்தார். அதில் தைத்திருந்த கம்பெனியின் சின்னத்தைப் பார்த்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மகன் சற்றுத் தயங்கினான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

கர்ஜனைப் பெண் தயாராக இருந்தாள்.

"ஊதுங்க! ஊதுங்க! இன்னும்! இன்னும்!"

முதல் முறை மூச்சு பாதியில் அறுந்து இருமலாயிற்று. முன்பின் அறியாதவர்கள் அனைவர் எதிரிலும், கைக்குட்டைக்குக்கூட நேரமில்லாமல், மாமியார் உடல் குலுங்க இருமினார். அறையில் யாரும் அசையவில்லை. கம்பெனி வக்கீல்தான் எழுந்து, மேசை மேலிருந்த கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

மறுபடி ஊதினார். மறுபடியும். ஒவ்வொரு முறையும் மருமகள் தன்னையறியாமல் கர்ஜனைப் பெண்ணோடு சேர்ந்து கத்தினாள். கடைசி முறை அவளைவிட உரக்கக் கத்தியது மகன்.

"ஊதும்மா! நல்லா ஊதும்மா!"

காலையில் சொல்ல முடியாமல் விழுங்கியது அது. சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

திரையில் காலைக் கோடும் மாலைக் கோடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று மலை, மற்றது மேடு.

"போதும். மருந்து அடிச்சிடுங்க" என்றார் மருத்துவர். மருமகள் மூடியைக் கழற்றி நீட்டினாள். மாமியாரின் தோள்கள் தணியும்வரை மருத்துவர் காத்திருந்தார். பிறகு இரண்டு வக்கீல்களுக்கும் பொதுவாகப் பேசினார்.

"வழக்கமா நாங்க முதல்ல மருந்தில்லாம ஊதச் சொல்வோம், அப்புறம் மருந்து குடுத்து ஊதச் சொல்வோம். ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் நோய்க்குச் சாட்சி. இந்தம்மா மருந்தோட முதல்லயும், மருந்தில்லாம கடைசியிலயும் ஊதியிருக்காங்க. எனக்கு வேண்டிய ரெண்டும் கிடைச்சிடுச்சு. வரிசைதான் தலைகீழ்."

"நானா? வரிசையைத் தலைகீழாக்கினேனா?" மாமியாருக்கு அந்த ஒரு குறைதான் காதில் விழுந்தது.

"தீக்கு முன்னாடி இவங்க வேலையிடத்துல எடுத்த பரிசோதனையில மூச்சு சரியா இருந்திருக்கு" என்று மருத்துவர் தொடர்ந்தார். "இப்ப மூச்சுக்குழாய் புண்பட்டிருக்கு. புகையால வர்ற பாதிப்பு இப்படித்தான் இருக்கும். இதை நான் தீர்ப்பாயத்துல சொல்வேன். தீ ஏன் பத்திக்கிச்சு, யாரு பொறுப்புங்கறது என் வேலை இல்ல. அதை நீங்க பேசிக்கோங்க."

வக்கீலம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் தலையைத் தாழ்த்தி வணங்கினார். "உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா. திங்கட்கிழமை தீர்ப்பாயத்துல அந்தத் தீ பத்தித்தான் பேசப்போறோம். எங்க லைன் எல்லாம் அன்னிக்கு ஒழுங்கா இருந்துச்சுன்னு நாங்க சொல்வோம்."

இதைச் சொல்லும்போது அவர் மகனைப் பார்க்கவில்லை. மகன்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒவ்வொருவராகப் போய் நன்றி சொன்னார். கர்ஜனைப் பெண்ணுக்கு: "உன் சத்தம் இல்லைன்னா எனக்கு ஊத வந்திருக்காது." செவிலியருக்கு. மருத்துவருக்கு. கம்பெனி வக்கீலுக்கும்: "தண்ணி குடுத்தீங்க. நன்றி. திங்கட்கிழமை நீங்க உங்க வேலையைப் பாருங்க, நாங்க எங்க வேலையைப் பார்க்கறோம்."

மருமகளிடம் வந்தபோது நன்றி என்று சொல்லவில்லை. இன்ஹேலரை அவள் கைப்பைக்குள் போட்டு மூடினார். "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவருடைய கணக்கில் அதைவிடப் பெரிய நன்றி கிடையாது. மருமகளுக்கும் அது தெரியும்.

வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழ் வீட்டிலிருந்து குழந்தை தத்தித் தத்தி ஓடிவந்து பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டது. பேத்தியைத் தூக்கிய சிரமத்தில் மாமியாருக்கு இருமல் வந்தது. வழக்கப்படி குளியலறைப் பக்கம் திரும்பிய கால், இரண்டடி வைத்துவிட்டு நின்றது. பிறகு அவர் கூடத்தின் நடுவிலேயே, எல்லாரும் பார்க்க, நிதானமாக இருமி முடித்தார்.

குழந்தை அதைக் கூர்ந்து கவனித்தது. பிறகு, "க்ஹும்! க்ஹும்!" என்று தானும் இருமிக் காட்டியது.

"பாரு, உன் பொண்ணு எனக்கே சொல்லித் தரா" என்றார் மாமியார்.

மகன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். சீருடையின் சின்னத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"அம்மா."

"சொல்லு."

"தீ பத்தின இடத்துல ஒரு மரக்கிளை லைன்ல உரசிக்கிட்டு இருந்துச்சு. நான் பார்த்தேன். மேல சொன்னேன். பார்த்துக்கலாம்னாங்க. காத்து அதுக்குள்ள வந்துடுச்சு."

கூடத்தில் குழந்தையின் பொய் இருமல் மட்டும் கேட்டது. மருமகள் கணவனின் பக்கத்தில் போய் நின்றாள். இத்தனை நாளாக அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டது எதை மறைக்க என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. இந்த வீட்டில் விரிப்புக்கு அடியில் மறைத்து வைத்தவர் அத்தை மட்டும் அல்லர்.

"திங்கட்கிழமை நானும் வரேன்" என்றான் அவன். "உங்க கூட உக்கார இல்ல. எழுந்து நின்னு சொல்ல."

மாமியார் குழந்தையை மருமகளிடம் கொடுத்தார். மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சட்டையைக் கழட்டிக் குடு. அங்க நிக்கும்போது காலர் சுத்தமா இருக்கணும்."

அவன் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து, அவர் கையில் வைத்தான்.

"கஞ்சி போடவா?"

"வேண்டாம்மா" என்றான் மகன். "இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

மாமியார் குழாயைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு இடையே அவருடைய இருமல் தெளிவாகக் கேட்டது. கதவை அவர் சாத்தியிருக்கவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தச் சட்டையை அணியும் வேலை மகனுக்கு இருக்குமா என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் சின்னத்தைச் சுற்றியிருந்த அழுக்கை, நூல் பிரியாமல், விரல் நுனியால் மெல்லக் கசக்கி வெளுத்தார்.